வேன் பாயின் மிஸ்டு கால்

வேன் பாயின் தண்ணீர் பாட்டிலுக்கு மூடி சரியாக நிற்காது என்று என் மகள் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தாள். அடிக்கடி அது யாராவது ஒரு குழந்தையின் மேல் கொட்டிவிடும். "இன்னைக்கும் அங்கிள் தண்ணிய கொட்டிட்டாரும்மா" என்று சிரித்துக்கொண்டே பள்ளி வேனிலிருந்து இறங்குவாள். பாவம், மனுஷர் ஒரு நல்ல பாட்டில் வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று நானும் நினைத்திருக்கிறேன்.

ஒருநாள் அவள் சாப்பாட்டுப் பையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். ஸ்கூட்டியில் பின்னாலேயே போய்ப் பள்ளி வாசலில் வேனைப் பிடித்தேன். கதவைத் திறக்கும் முன் வேன் பாய் முன்சீட்டில் இருந்த ஒரு யுகேஜி பையனைத் திரும்பிப் பார்த்தார். பையன் அசையாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாய் பாட்டிலை எடுத்தார். இறுக்கமாக இருந்த மூடியைத் திருகித் திறந்தார். பையனின் மடியிலும் சீட்டிலும் நிதானமாக ஊற்றினார்.

"அரே, மறுபடியும் கொட்டிட்டேன் பாரு. மன்னிச்சுக்க தம்பி" என்று வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். பின்சீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தப் பையனும் சேர்ந்து சிரித்தான். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு துணிப்பை இருந்தது. அதிலிருந்து துவைத்து மடித்த அரைக்கால் சட்டை ஒன்று வெளியே வந்தது.

நான் ஜன்னலுக்கு வெளியே நிற்பதை அப்புறம்தான் கவனித்தார்.

"மூடி லூஸு மேடம்" என்றார்.

"தெரியுது பாய்" என்றேன்.

அது யார் வீட்டுப் பையன் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார்.

அவர் பெயர் வேனின் பின்பக்கம் சின்ன எழுத்தில் எழுதியிருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்கு வேன் பாய், பிள்ளைகளுக்கு வேன் அங்கிள். ஒல்லியாக, உயரமாக, மருதாணி போட்ட தாடியோடு இருப்பார். சட்டைக் காலருக்குள் எப்போதும் ஈரக் கைக்குட்டை ஒன்று. வேன் ஓட்ட வருவதற்கு முன் ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் தோல் லாரி ஓட்டியவர். "தோலு பேசாது, புள்ளைங்க பேசும். மத்தபடி ரெண்டையும் நனையாம கொண்டுபோய் சேக்கணும், அவ்ளோதான்" என்பார்.

பிள்ளைகள் பேசும் என்று அவர் சொன்னது கொஞ்சநஞ்சப் பேச்சில்லை. காலையும் மாலையும் அந்த வேனுக்குள் ஊர்க்கதை முழுக்க ஓடும். எந்த வீட்டில் அப்பா நேற்று சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்தார், யார் அம்மா தாய்வீட்டுக்குப் போய்விட்டு இன்னும் திரும்பவில்லை, எந்த மிஸ் வகுப்பில் அழுதார்கள், எல்லாம். ஓட்டிக்கொண்டே அவர் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருப்பார். கேட்டது அவரிடமிருந்து வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை. நான் முயற்சி செய்து பார்த்திருக்கிறேன். நான் கொஞ்சம் பயந்த சுபாவம். ஒரே மகள். கணவருக்கு வேலூரில் மருத்துவமனை லேபில் வேலை, ரயிலில் போய் வருபவர். எனக்கு இங்கே ஆம்பூரில் ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவு. மகள் பள்ளிவிட்டு வந்து, நான் வருகிற வரைக்கும் பக்கத்து வீட்டு அக்காவின் பார்வையில் இருப்பாள். பகல் முழுக்க அவள் என்ன செய்கிறாள், யாரோடு பழகுகிறாள் என்பது எனக்குத் தெரியாது. பாய்க்குத் தெரியும்.

"ஷைனி வேன்ல யாரோட பேசுறா பாய்?" என்று ஒருநாள் கேட்டேன். ஷைனி அவளுடைய உண்மையான பெயர் இல்லை. இதை எழுதுகிறேன் என்றபோது அவளே தனக்கு வைத்துக்கொண்ட பெயர்.

"எல்லாரோடயும்தான் மேடம்."

"இன்னா பேசுறா?"

"ஜாஸ்தி பேசுறா."

"அதான் பாய், எதப் பத்தி?"

"மேடம், நா ரோட்டப் பாத்து ஓட்டுறேன். ரோட்டப் பத்தி கேளுங்க, சொல்றேன். பைபாஸ் எறக்கத்துல ஒரு பள்ளம் இருக்கு, ஸ்கூட்டில போறப்ப பாத்துப் போங்க."

இது வேடிக்கையாக இருந்ததே தவிர, எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. அதே வேனில் வந்த ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன் டியூஷனுக்குப் போகிறேன் என்று சொல்லி ஒரு மாதமாக மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான். அவன் அப்பா ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். விஷயம் தெரிந்ததும் வேனை நடுரோட்டில் நிறுத்திச் சண்டைக்கு வந்தார்.

"உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன்யா சொல்லல?"

"நீங்க கேக்கல சார்."

"கேட்டிருந்தா?"

"அவன கேளுங்கன்னு சொல்லியிருப்பேன்."

அந்தப் பையன் அடுத்த மாதமே வேறு வேனுக்கு மாறினான். பாய் அதற்காக வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. மைதானத்துப் பக்கம் வேன் போகும்போதெல்லாம் அவனைப் பார்த்து ஹாரன் அடிப்பார் என்று ஷைனி சொன்னாள்.

பெற்றோர் சிலர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பித்ததும் அந்தச் சமயத்தில்தான். வேன் எங்கே வருகிறது, இன்றைக்கு ஏன் தாமதம் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆரம்பித்தார்கள். பாயையும் அதில் சேர்த்தார்கள். கொஞ்ச நாளில் வேனைத் தவிர மற்ற எல்லாம் அதில் வந்தது. யார் பிள்ளை தலையில் பேன், யார் பிள்ளை யாரைக் கிள்ளியது. ஒரு அம்மா தன் மகள் கையில் இருந்த நகக்கீறலைப் படம் பிடித்துப் போட, கிள்ளியதாகச் சொல்லப்பட்ட பிள்ளையின் அம்மா அதற்குக் கீழே பத்தி பத்தியாக எழுத, ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போது நான் மடியில் வைத்து அதைப் படித்துக்கொண்டிருந்தேன். கிள்ளிய குழந்தைக்கு வயது ஐந்து. அவளைப் பற்றி ஊரில் இத்தனை பேருக்கு ஒரு கருத்து இருந்தது.

பாய் குழுவில் எழுத மாட்டார். அவருக்கு வாய்ஸ் மெசேஜ்தான். போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சத்தமாகப் பேசுவார். ஒரு மத்தியானம் அவர் தன் மனைவிக்கு அனுப்ப வேண்டியதைக் குழுவில் அனுப்பிவிட்டார். "உங்கம்மா இன்னும் எத்தன நாளு இருப்பாங்க? கால நீட்டக்கூட எடமில்ல. நா கேட்டேன்னு சொல்லாத, நீயே கேக்குற மாதிரி கேளு." உருதில்தான் பேசியிருந்தார். ஆம்பூரில் அதனால் என்ன பயன்? பாதிக் குழுவுக்கு நேராகப் புரிந்தது. அந்தப் பாதி மீதிப் பாதிக்கு மொழிபெயர்த்துச் சொன்னது. அவர் பார்த்து அழிப்பதற்குள் யாரோ அதை அவர் மனைவிக்கே அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை வேன் வந்தபோது என் கணவர் வாசலில் நின்றிருந்தார்.

"இன்னா பாய், மாமியார் சௌக்கியமா?"

"வாணியம்பாடிக்கு போய்ட்டாங்க சார்."

"அப்ப நிம்மதி."

"கூடவே என் பொண்டாட்டியும் போய்ட்டா."

அன்றைக்கே குழுவிலிருந்து விலகிவிட்டார். நான் கேட்டதற்கு, "மாமியாரையே என்னால அதுல காப்பாத்த முடியல மேடம். உங்க புள்ளைங்க சமாச்சாரத்த எப்படி அங்க வெக்கிறது? பேஜார்" என்றார்.

அதற்குப் பதிலாக அவர் வைத்துக்கொண்டதுதான் மிஸ்டு கால். சாயங்காலம் பிள்ளைகள் ஏறியதும், வண்டியை எடுக்கும் முன், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவார். உங்கள் பிள்ளை ஏறிவிட்டாள் என்று அர்த்தம். யாரும் எடுக்கக் கூடாது. வேலையில் இருக்கும் எனக்கு, மேஜைமேல் போன் ஒருமுறை நடுங்கி அடங்கும். அந்த நடுக்கத்தோடு என் மனசும் அடங்கும். பக்கத்து மேஜைக்காரிக்கு எதுவும் தெரியாது, அவள் படிப்பதற்கு அதில் எதுவும் இல்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ஆனாலும் நான் பயந்த சுபாவம் என்று சொன்னேனே. லைவ் லொக்கேஷன் போட்டால் வேன் நகர்வதைப் போனிலேயே பார்க்கலாம் என்று யாரோ சொல்ல, நானும் அவரிடம் கேட்டேன். "பேசவே வேணாம் பாய், அத மட்டும் போட்டு வுடுங்க."

"ஒரு புள்ள எந்த வூட்டு வாசல்ல எறங்குதுன்னு இன்னொரு வூட்டுக்கு எதுக்கு மேடம்? எப்ப வேணும்னாலும் கால் பண்ணுங்க. உங்க புள்ள எங்க இருக்கான்னு சொல்றேன். உங்க புள்ளைய மட்டும்."

எனக்கு அது கொஞ்சம் திமிராகப் பட்டது. அந்த வருடம் பள்ளியில் பெற்றோருக்கு ஒரு கூட்டம் நடத்தினார்கள். குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றி ஒரு அம்மையார் வந்து பேசினார். பெரியவர் ஒருவரும் குழந்தையும் சேர்ந்து ரகசியம் வைத்துக்கொள்வதுதான் முதல் ஆபத்து என்றார். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது வேன்கள் வரிசையாக நின்றன. பாய் தன் வேனின் படியில் உட்கார்ந்து, ஒரு சின்னப் பெண் காதில் சொல்வதைத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுத் தலையாட்டினார். என்னைப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து, வேனை மாற்றிவிடலாமா என்று கணவரிடம் கேட்டேன். அவர், "பாய பத்தியா பேசுற?" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு நகரவில்லை. ஆனால் எனக்குள் அது உட்கார்ந்துகொண்டது. இவ்வளவு மூடி வைக்கிற மனிதர் எதையெல்லாம் மூடி வைக்கிறார்?

ஷைனி அப்போது எட்டாவது. ஆன்லைன் வகுப்பு நாட்களில் அவளுக்குக் கொடுத்த கணவரின் பழைய போன் அவளிடமே தங்கிவிட்டது. அவள் நன்றாகப் படம் வரைவாள். படம் வரைகிற பிள்ளைகள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள ஏதோ ஒரு செயலியில் குழு இருக்கிறது என்றாள். நான் வாங்கிப் பார்த்தேன். பூக்கள், பூனைகள், பெரிய பெரிய கண்கள் வைத்த பெண்கள். எனக்குத் திருப்தி. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அது நடந்த அன்று எங்கள் கம்பெனியில், எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்களின் ஆடிட். ஆடிட் என்றால் யாரும் உள்ளே போன் வைத்திருக்கக் கூடாது. காலையிலேயே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். சாயங்காலம் எல்லாம் முடிந்து, கேக் வெட்டி, மேனேஜர் கை குலுக்கி, நான் லாக்கரைத் திறந்தபோது பாயின் மிஸ்டு கால் இருந்தது. ஒன்று அல்ல, சில. ஏறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். ஏன் இத்தனை தடவை என்றுகூட யோசிக்கவில்லை. சிக்னல் கோளாறாக இருக்கும், ஒன்று போகாமல் இன்னொன்று அடித்திருப்பார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆடிட் நல்லபடி முடிந்த சந்தோஷத்தில் ஷைனிக்கு சமோசா வாங்கிக்கொண்டு, மெதுவாகத்தான் வீட்டுக்குப் போனேன். மிஸ்டு கால் எதையும் சொல்லாது. பாய் அன்று என்னிடம் பேசுவதற்காகத்தான் கூப்பிட்டிருந்தார். பேசக் கூப்பிட்டாலும், ஏறிவிட்டாள் என்று சொல்லக் கூப்பிட்டாலும், எடுக்காத போனில் இரண்டும் ஒரே மாதிரிதான் விழும்.

தெருமுனையில் திரும்பியதும் வேன் எங்கள் வாசலில் நிற்பது தெரிந்தது. எங்கள் வீடுதான் கடைசி நிறுத்தம். அந்த நேரத்துக்கு அது எப்போதோ போயிருக்க வேண்டும். வேனின் கதவு திறந்திருந்தது. ஷைனி படியில் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா அவளுக்கு அருகில் நின்றிருந்தார். பாய் தள்ளி, எதிர்வீட்டுச் சுவர் ஓரமாக நின்றார். என்னைப் பார்த்ததும் வந்தார்.

"மேடம், வண்டிய ஸ்டாண்டு போட்டுட்டு வாங்க. பாப்பா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

"இன்னா ஆச்சு பாய்? அடிகிடி பட்டுடுச்சா?"

"ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கா. அவளே சொல்லுவா. நா இங்கயே கேட்டுக்கு வெளிய நிக்கிறேன். சார் வர்ற வரைக்கும் நிக்கிறேன்."

எனக்கு ஸ்டாண்டு போட வரவில்லை. அவர்தான் வண்டியை வாங்கி நிறுத்தினார்.

உள்ளே, சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு ஷைனி சொன்னாள். அந்தப் படக் குழுவில் ரியா என்று ஒருத்தி. குடியாத்தத்தில் ஒன்பதாவது படிக்கிறாள். ஷைனியின் படங்களை அவள் அளவுக்கு யாரும் ரசித்ததில்லை. பிறகு இருவரும் தனியாகப் பேச ஆரம்பித்தார்கள். ரியா தன் வீட்டுக் கஷ்டங்களைச் சொன்னாள், இவளும் சொன்னாள். என் கோபம், என் பயம், அவள் அப்பா வாரக் கடைசியில்தான் முகம் கொடுத்துப் பேசுகிறார் என்பது, எல்லாம். ரியா போட்டோ கேட்டாள், இவள் அனுப்பினாள். நாம் பேசுவதை அம்மாவிடம் சொல்லாதே, பெரியவர்களுக்குப் புரியாது என்றாள். சொல்லவில்லை. அன்று ரியாவுக்குப் பிறந்தநாள். அவள் அண்ணன் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிப்போவான், ஏழு மணிக்குள் கொண்டுவந்து விட்டுவிடுவான் என்று ஏற்பாடு.

காலையில் நான் குளிக்கப் போன நேரத்தில் என் போனிலிருந்து பாய்க்கு ஒரு செய்தி போயிருக்கிறது. 'இன்று ஷைனியை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடவும். அவள் சித்தி வந்து கூட்டிப்போவாள்.' அனுப்பியதும் என் போனில் அது இல்லாமல் போய்விட்டது. வார்த்தைகள் ரியா எழுதிக் கொடுத்தவை. எப்படி அழிப்பது என்பதும் ரியா சொல்லிக்கொடுத்ததுதான்.

பாய்க்கு அது என் எண்ணிலிருந்து வந்த செய்தி. என் பெயர், என் படம். சந்தேகப்பட ஒன்றும் இல்லை. அவர் சந்தேகப்படவும் இல்லை என்று பிறகு சொன்னார். பிள்ளையை வேறு இடத்தில் இறக்குவது என்றால் வாயால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது அவர் வழக்கம், அவ்வளவுதான். கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். பஸ் ஸ்டாண்டு வந்தது. வேன் நிற்கவில்லை.

"அங்கிள், இங்கதான் எறங்கணும். அம்மா மெசேஜ் பண்ணாங்கல்ல" என்று ஷைனி எழுந்திருக்கிறாள்.

"பண்ணாங்க. ஆனா போன எடுக்கல. எடுத்து ஒரு வார்த்த பேசட்டும், நானே திருப்பி கொண்டாந்து வுடுறேன். ஒக்காரு பாப்பா."

ஏழரை மணி ரயிலில் என் கணவர் வந்தார். கேட்டதும் அப்படியே திரும்பி, பாயின் வேனிலேயே இருவருமாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். எதைத் தேடப் போகிறோம் என்று தெரியாமல் போனார்கள். திரும்பி வந்தபோது கணவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அங்க நிக்கிற ஆம்பள எல்லாரும் போனத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. எவன்னு தேடுறது?" என்றார். ரியா என்கிற கணக்கு அதற்குள் இல்லாமல் போயிருந்தது. கணவர் ஷைனியின் போனைக் கையில் எடுத்தார்.

"இத ஒடச்சிப் போட்டுடட்டுமா பாய்?"

"அது உங்க வூட்டு சமாச்சாரம் சார்" என்றார் பாய்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நல்லவேளை, கணவர் அதை உடைக்கவில்லை. புகார் கொடுக்கும்போது அதுதான் தேவைப்பட்டது. போலீஸ் ஸ்டேஷனுக்கு பாயும் வந்தார். அங்கிருந்த பெண் அதிகாரி, "பொண்ணு உங்ககிட்ட என்ன சொன்னா?" என்று அவரைக் கேட்டார். "அம்மாகிட்ட சொன்னததான் என்கிட்டயும் சொன்னா மேடம். அத அவ வாயால கேளுங்க. எனக்கு வந்த மெசேஜ் இதோ" என்று தன் போனை அவரிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். ரியா யார் என்று இன்றுவரை தெரியவில்லை. அது ஒருவனா, பலரா, அருகில் இருப்பவனா, தூரத்தில் இருப்பவனா, தெரியாது. பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போதெல்லாம் நிற்கிற முகங்களைப் பார்க்கிறேன்.

சில நாள் கழித்து, மனசு ஓரளவு அடங்கியபின், வாசலில் வேன் நின்றபோது அவரிடம் கேட்டேன்.

"வேன்ல நடக்குறது எதையும் நீங்க சொல்ல மாட்டீங்க. இத மட்டும் எப்படி பாய் சொன்னீங்க?"

"நா சொல்லலயே. அவதான சொன்னா."

"அவ சொல்லலன்னா?"

அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "புள்ளைங்க அதுங்களுக்குள்ள ஆயிரம் வெச்சிக்கும் மேடம். அத நா எடுத்து யாருக்கும் குடுக்க மாட்டேன். ஆனா வெளிய இருந்து ஒருத்தன் வந்து, புள்ளைகிட்ட 'அம்மாகிட்ட சொல்லாத'ன்னு சொன்னா, அத நா வெச்சிக்க மாட்டேன். அவ சொல்ற வரைக்கும் உங்க வாசல்லயே வண்டிய போட்டுட்டு ஒக்காந்திருப்பேன். மாமியார் மாதிரி."

வேனுக்குள் இருந்த பிள்ளைகள் பள்ளிக்கு நேரமாகிறது என்று கத்தினார்கள். அவர் ஏறி உட்கார்ந்தார். பிறகு ஜன்னல் வழியாக, "கம்பெனி கேட்டுல செக்யூரிட்டி போன் நம்பர் இருக்கும்ல? அத குடுங்க. இனிமே பேசணும்னா அதுக்கு பண்றேன். உங்க செல்லுக்கு பண்ணா ஏறிட்டான்னு மட்டும்தான்" என்றார். அன்று சாயங்காலம் மேஜைமேல் போன் நடுங்கி அடங்கியபோது வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வேனில் வந்த வேறு எந்த வீட்டுக்கும் இந்த விஷயம் தெரியாது. குழுவில் அன்று வேன் ஏன் அவ்வளவு நேரம் எங்கள் தெருவில் நின்றது என்று யாரோ கேட்டிருந்தார்கள். மறுநாள் நேரில் கேட்டவர்களிடம் டயர் பஞ்சர் என்று சொல்லியிருக்கிறார். வேனை மாற்றுவதைப் பற்றி நான் பிறகு யோசிக்கவே இல்லை.

ஷைனி பத்தாவது முடித்த வருடம் அவர் வேனை விற்றார். முட்டி ஒத்துழைக்கவில்லை. பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக்கொள்ள மனைவியோடு வீட்டுக்கு வந்தார். வேன் இல்லாமல் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து டீ குடித்தார். அவர் மனைவி எங்கள் வீட்டு முருங்கையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மனசில் ஒன்று இருந்தது. வேனில் கடைசிப் பிள்ளை இறங்கியதற்கும் எங்கள் வாசலுக்கு வந்ததற்கும் நடுவில் என்ன நடந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஷைனியிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பேச்சை மாற்றிவிடுவாள்.

"பாய், ஊர வுட்டே போறீங்க. இப்பவாவது சொல்லுங்க. அன்னைக்கு எப்படி அவள சொல்ல வெச்சீங்க? அவகிட்ட இன்னா சொன்னீங்க?"

"பாப்பாவ கேளுங்க மேடம்."

ஷைனியைப் பார்த்தேன்.

"அங்கிள கேளும்மா" என்றாள்.

இருவரும் சிரித்தார்கள். நான் நடுவில் டீத் தட்டோடு நின்றேன். சரி, இது எனக்குக் கிடைக்காது என்று விட்டுவிட்டேன். விட்டதில் கோபம் இல்லை, அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவர்களை ஆட்டோ ஏற்றிவிட்டு வந்தபின், ஷைனி சிங்க்கில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். துணியை எடுத்துக்கொண்டு போய், கழுவியதைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"அவரு ஒண்ணுமே சொல்லலம்மா" என்றாள்.

நான் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"கடைசி பசங்க எறங்குனதும் நான் அழ ஆரம்பிச்சிட்டேன். அவரு பேக்கரிக்கு எதிர்ல, ஆளுங்க இருக்கிற எடமா பாத்து வண்டிய நிறுத்துனாரு. எறங்கி வந்து கதவ தெறந்து வெச்சாரு. திரும்ப போயி சீட்ல ஒக்காந்தாரு. முன்னாடி ஒரு கண்ணாடி இருக்கும்ல, பின்னாடி நாங்க இன்னா பண்றோம்னு பாக்குறதுக்கு? அத எட்டிப் புடிச்சி மேல பாத்த மாதிரி திருப்பி வெச்சிட்டாரு. நான் அழறது அவருக்குத் தெரியாத மாதிரி. அப்படியே ஒக்காந்திருந்தாரு. திரும்பவே இல்ல."

"அப்புறம்?"

"ரொம்ப நேரம் அழுதேன். அப்புறம் நானேதான் சொல்ல ஆரம்பிச்சேன்."